நகல் இயந்திரமும் அதன் முன் நிற்பவரும்

அலுவலக நடைபாதையில் நிற்கும் பெரிய நகல் இயந்திரத்தை எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். யாரும் அதைத் தன்னுடையதாக நினைப்பதில்லை. மேசைக் கணினியை ஒருவர் நாளடைவில் தன் கைக்குப் பழக்கிக்கொள்கிறார். நகல் இயந்திரத்தின் முன்னால் அவர் நிற்பது ஓரிரு நிமிடங்கள்தான். கையில் தாள்கள் இருக்கும், பின்னால் இன்னொருவர் காத்திருப்பார், மனம் அடுத்த கூட்டத்தில் இருக்கும். கையேட்டைப் பிரித்துப் படிக்க அங்கே இடமும் இல்லை, பொழுதும் இல்லை. அந்தப் பெட்டிக்குள்ளோ ஸ்கேனர், லேசர் பிரிண்டர், ஃபேக்ஸ், வன்தட்டுடன் கூடிய ஒரு முழுக் கணினி, தாளைத் திருப்பி அடுக்கிப் பின் அடித்து வெளியே தள்ளும் அமைப்பு என்று பல கருவிகள் ஒன்றாக அடைந்திருக்கின்றன. பொத்தான்கள் அதிகம் என்பதுதான் சிக்கல் என்று மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையான சிக்கல் வேறு. இயந்திரத்துக்குள் நடப்பது மனிதருக்குத் தெரிவதில்லை. மனிதர் கண்ணால் பார்ப்பது இயந்திரத்துக்குத் தெரிவதில்லை. இந்த இடைவெளியை எந்த இடத்தில், எந்த வழியில் குறைப்பது என்பதே பயனர் மைய வடிவமைப்பு இங்கே எடுத்துக்கொள்ளும் வேலை.

செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க் நகரின் அஸ்டோரியாவில் உலர்முறையில் முதல் நகலை எடுத்தார். அவருடைய கண்டுபிடிப்பின் உரிமத்தைப் பெற்ற, பின்னாளில் ஜெராக்ஸ் என்று பெயர் மாறிய ராச்செஸ்டர் நகர ஹலாய்டு நிறுவனம் 1949-ல் மாடல் ஏ என்ற இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தகட்டுக்கு மின்னேற்றுவது, ஒளி காட்டுவது, பொடி தூவுவது, தாளுக்கு மாற்றுவது, சூடாக்கி ஒட்டவைப்பது என்று ஒவ்வொரு படியையும் இயக்குபவர் தன் கையாலேயே செய்ய வேண்டியிருந்ததால், அது அலுவலகங்களில் எடுபடவில்லை; ஆஃப்செட் அச்சுக்கான மூலத்தகடு தயாரிக்கவே பயன்பட்டது. 1959 செப்டம்பரில் நியூயார்க்கில் செய்து காட்டப்பட்ட ஜெராக்ஸ் 914 இந்தப் படிகளை எல்லாம் உள்ளே மறைத்துவிட்டது. 9-க்கு 14 அங்குலம் வரையிலான தாளில் நகலெடுக்கும் என்பதால் அந்தப் பெயர். ஏறத்தாழ 294 கிலோ எடை. மூலத்தாளைக் கண்ணாடிமேல் வைத்து, எத்தனை நகல் என்று திருகி, பொத்தானை அழுத்தினால் சாதாரணத் தாளில் நகல் வந்துவிடும். ஒரு சிறுமி தன் அப்பாவுக்காக நகல் எடுத்துவந்து கொடுப்பதைத் தொலைக்காட்சி விளம்பரத்தில் காட்டினார்கள்.

இந்த எளிமைக்குப் பின்னால் வலுவான வணிகக் காரணம் இருந்தது. 914-ஐ விலைக்கு விற்பதைவிட மாத வாடகைக்கு விடுவதே நிறுவனத்தின் வழி: 95 டாலர், அதில் 2,000 நகல்கள் அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொரு நகலுக்கும் தனிக் கட்டணம். இயந்திரத்தில் இருந்த மீட்டர் ஓடினால்தான் வருமானம். எடுக்கத் தெரியாமல் ஒருவர் திரும்பிப் போனால் அது நேரடி இழப்பு. பழுது என்று சொல்லி அழைத்தால் ஆள் அனுப்பும் செலவும் நிறுவனத்துடையதே. பயன்படுத்த எளிதாக இருப்பது இந்தத் தொழிலில் தொடக்கம் முதலே கணக்குப் புத்தகத்தில் தெரிகிற விஷயமாக இருந்தது. பிற கருவிகளை வடிவமைத்தவர்களுக்கு இந்த வசதி வெகுகாலம் கிடைக்கவில்லை.

அடுத்த இருபது ஆண்டுகளில் இருபக்க நகல், தானாகத் தாள் ஊட்டும் மேல்மூடி, அடுக்கும் தட்டுகள், சிறிதாக்கல், பெரிதாக்கல் என்று வசதிகள் சேர்ந்துகொண்டே போயின. 1974-ல் வந்த ஜெராக்ஸ் 9200 நொடிக்கு இரண்டு நகல் எடுத்தது. ஆனால் அது பயிற்சி பெற்ற இயக்குநர் உள்ள நகலகங்களுக்கானது. அதே வசதிகள் நடைபாதை இயந்திரத்துக்கும் இறங்கியபோதுதான் தொல்லை தொடங்கியது. 1980-களின் தொடக்கத்தில், இயந்திரங்கள் நம்பகமாக இல்லை என்ற புகார்கள் ஜெராக்ஸுக்குக் குவிந்தன. ஆராய்ந்து பார்த்தபோது தெரியவந்தது வேறு: இயந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன; அவற்றை இயக்கத்தான் மக்களால் முடியவில்லை. நிறுவனத்தின் ஆய்வு மையமான பார்க்கின் தலைவர் ஜான் சீலி பிரவுன் 1991-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையில் இதை வெளிப்படையாகப் பதிவு செய்திருக்கிறார். இந்தத் துறைக்கு வருபவர் முதலில் பழக வேண்டிய பாடம் இது. ‘மிஷின் ரிப்பேர்’ என்று வாடிக்கையாளர் சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குள் பாகத்தின் பழுதும் இருக்கலாம், திரையின் பழுதும் இருக்கலாம். இரண்டையும் அவர் பிரித்துச் சொல்ல மாட்டார். பிரிப்பது அவர் வேலையும் இல்லை.

அந்தப் பிரிப்பைத் துல்லியமாகச் செய்து காட்டியவர் மானுடவியல் மாணவியாகப் பார்க்குக்கு வந்த லூசி சச்மன். பாலோ ஆல்ட்டோவில் இருந்த அந்த மையத்தில் ஜெராக்ஸ் 8200 இயந்திரத்தைப் பயன்படுத்துவோரை அவர் படம் பிடித்தார். ஒருவரைத் தனியே நிறுத்தாமல் இரண்டிரண்டு பேராக நிறுத்தினார். இருவராக இருந்தால் ஒருவருக்கொருவர் பேசியே ஆக வேண்டும். ‘இப்ப என்ன கேக்குது?’, ‘ஏற்கெனவே அதைத்தானே செய்தோம்?’ என்று குழப்பம் வாய்விட்டு வெளியே வரும். அந்தப் படங்களில் மிகவும் பேசப்பட்டது, செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஆலன் நியூவெலும் கணினி மொழியியலாளர் ரான் கப்லானும் ஓர் ஆய்வுக் கட்டுரையை இருபக்க நகலெடுக்கத் திணறுவது. கணினி அறிவியலில் அவ்வளவு தேர்ந்தவர்களே தடுமாறுவதைப் பார்த்த பிறகு, பயன்படுத்துபவருக்கு விவரம் போதவில்லை என்ற சாக்கை யாராலும் சொல்ல முடியவில்லை.

சச்மன் அந்தக் காட்சிகளை எழுதிவைத்த முறை இன்றும் இத்தொழிலின் மிகக் கூர்மையான கருவி. தாளை நான்கு பத்திகளாகப் பிரித்தார். முதல் பத்தியில், மனிதர் செய்தவற்றில் இயந்திரத்தால் உணர முடியாதவை: பேச்சு, பார்வை, தாளைப் புரட்டுவது, தயங்குவது. இரண்டாவதில் இயந்திரம் உணர்ந்தவை: மூடி திறந்தது, பொத்தான் அழுத்தப்பட்டது. மூன்றாவதில் இயந்திரம் மனிதருக்குக் காட்டியது. நான்காவதில் அப்படிக் காட்டியதற்கு வடிவமைப்பாளர் வைத்திருந்த காரணம். முதல் பத்தி பக்கம் பக்கமாக நிறையும். இரண்டாவதில் அங்கொரு சொல் இங்கொரு சொல்தான் இருக்கும். இயந்திரம் எவ்வளவு சிறிய சாவித்துளை வழியாக மனிதரைப் பார்க்கிறது என்பது அந்த வெற்றிடத்தைப் பார்த்தாலே விளங்கும்.

பைண்டு செய்த ஆவணத்திலிருந்து இருபக்க நகல் எடுக்கும் பணியில் இது தெளிவாக வெளிப்பட்டது. இருபக்க நகலுக்குத் தாள்கள் மேல்மூடியில் உள்ள ஊட்டியின் வழியாகப் போக வேண்டும். பைண்டு செய்ததை ஊட்டியில் விட முடியாது. எனவே முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணாடிமேல் வைத்து ஒருபக்க நகல் எடுத்து, பிறகு அந்த உதிரித் தாள்களை ஊட்டியில் இட வேண்டும். வடிவமைப்பாளர் மனத்தில் இது இரண்டு கட்ட வேலை. பயனர் கேட்டதோ இருபக்க நகல். ஒருபக்க நகல் வெளியே வந்ததும், இயந்திரம் தவறாகப் புரிந்துகொண்டுவிட்டது என்று முடிவுகட்டி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். அவர் ஒரு தவறைச் சரிசெய்கிறார் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. புதிய வேலை வந்திருக்கிறது என்று அதே வரிகளைத் திரும்பக் காட்டுகிறது. ‘இது அடுத்த பக்கத்துக்கான கட்டளையா, செய்தது சரியில்லை என்பதால் திரும்பச் சொல்கிறதா?’ என்று பயனர் திகைக்கிறார். இரண்டுக்கும் திரையில் இருப்பது ஒரே வரிதான்.

1987-ல் ‘பிளான்ஸ் அண்ட் சிச்சுவேட்டட் ஆக்‌ஷன்ஸ்’ என்ற நூலாக இந்த ஆய்வு வெளிவந்தது. மனிதர் ஒரு திட்டத்தை மனத்தில் வரைந்து வரிசையாக நிறைவேற்றுகிறார் என்ற அன்றைய கருத்தை அது கேள்விக்கு உட்படுத்தியது. எதிரே நடப்பதைப் பார்த்துப் பார்த்தே மனிதர் அடுத்த அடியை வைக்கிறார் என்பது சச்மனின் வாதம். இதே இயந்திரத்தின் விளம்பரம், பெரிய பச்சைப் பொத்தானை அழுத்தினால் போதும் என்று காட்டியது. அழுத்துவதற்கு முன்னும் பின்னும் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டியதை அந்த வாக்குறுதி மூடிவிட்டது என்று சச்மன் பின்னாளில் எழுதினார். அவர் சொன்னது சரி. எளிது என்று அறிவிக்கப்பட்ட ஒன்றில் தடுமாறுகிறவர் தன்னைத்தான் நொந்துகொள்வார். புகார்கூடச் சொல்லாமல் போய்விடுவார்.

இந்தத் துறையின் பொது நெறிகளும் அதே ஆண்டுகளில்தான் உருப்பெற்றன. 1985-ல் ஐபிஎம்மைச் சேர்ந்த ஜான் கூல்டும் கிளேட்டன் லூயிஸும் மூன்றைச் சொன்னார்கள்: தொடக்கத்திலேயே பயனரையும் அவர் வேலையையும் கவனிப்பது, உண்மையான ஆட்களை வைத்து அளந்து பார்ப்பது, திரும்பத் திரும்பத் திருத்துவது. 1999-ல் ஐஎஸ்ஓ 13407 என்ற சர்வதேசத் தரமும், 2010-ல் அதற்குப் பதிலாக ஐஎஸ்ஓ 9241-210-ம் வந்தன. நெறிகள் சுருக்கமானவை. அவற்றை நகல் இயந்திரத்துக்குப் பொருத்தும்போதுதான் கள அறிவு தேவைப்படுகிறது.

களத்துக்குப் போகும் வடிவமைப்பாளர் யாரையும் கேள்வி கேட்பதற்கு முன் இயந்திரத்தைச் சுற்றிப் பார்ப்பது நல்லது. மூடியின்மேல் ஒட்டியிருக்கும் துண்டுச்சீட்டுகள் முதல் சான்று: ‘எழுத்துப் பக்கம் மேலே’, ‘2-வது ட்ரேயில் லெட்டர்ஹெட், எடுக்காதீர்கள்’, ‘ஜாம் ஆனால் இழுக்க வேண்டாம், கூப்பிடவும்’. ஒவ்வொரு சீட்டும் வடிவமைப்பு விட்ட ஓட்டையை அலுவலகத்தார் தாங்களே அடைத்த இடம். அடுத்தது பக்கத்தில் இருக்கும் குப்பைக் கூடை. கோணலாக வந்தவை, பாதி வெட்டுப்பட்டவை, இரண்டாம் பக்கம் தலைகீழாக அச்சானவை, ஒரு பிரதி கேட்டு ஐம்பது வந்தவை எல்லாம் அங்கே கிடக்கும். என்ன தவறு நடக்கிறது என்று ஊழியரிடம் கேட்டால், ‘ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறது’ என்பார். தவறுகளை ஒவ்வொரு நாளும் சரிசெய்துகொண்டே இருப்பதால் அவை அவர் கண்ணுக்குப் படுவதில்லை.

யார் பயனர் என்பதும் இங்கே நேரான கேள்வி இல்லை. நடந்துவந்து நகல் எடுத்துப் போகிறவர் ஒருவர். டோனர் மாற்றி, தாள் நிரப்பி, பிறர் கூப்பிடும்போது எழுந்து வரும் அலுவலக உதவியாளர் இன்னொருவர். முகவரிப் பட்டியலையும் கடவுச்சொல்லையும் பார்த்துக்கொள்ளும் கணினிப் பிரிவினர், பழுது நீக்க வரும் டெக்னீஷியன், ஒருமுறைகூட அதைத் தொடாமல் டெண்டர் போட்டு வாங்குகிற அதிகாரி என்று பட்டியல் நீளும். வாங்குகிறவர் வசதிகளை எண்ணி ஒப்பிடுகிறார். அதனால் எந்த வசதியையும் நீக்க நிறுவனங்கள் துணிவதில்லை. தமிழ்நாட்டுத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் இந்தச் சுமையைக் கடைக்காரர் தாங்கிக்கொள்கிறார். ‘ரெண்டு பக்கமும் ஒரே ஷீட்ல’ என்று வாடிக்கையாளர் சொன்னால் போதும். அலுவலகத்தில் அப்படி நடுவில் நிற்க ஆள் இல்லாததால், கடைக்காரரின் அறிவில் ஒரு பங்காவது திரைக்கு வந்தாக வேண்டும்.

அடையாள அட்டையின் இரு பக்கங்களை ஒரே தாளில் எடுக்கும் வசதியை எடுத்துக்கொள்ளலாம். வழக்கமான வடிவமைப்பில் அட்டையைக் கண்ணாடியில் குறித்த இடத்தில் வைத்து முதல் பக்கத்தை ஸ்கேன் செய்து, புரட்டி, அதே இடத்தில் வைத்து இரண்டாம் பக்கத்தை எடுக்க வேண்டும். இரண்டு படங்களையும் மேலும் கீழுமாக இயந்திரமே அடுக்கும். பயனருக்கோ அச்சாகப் போகும் தாள்தான் மனத்தில் இருக்கிறது. இரண்டாம் பக்கம் கீழ்ப்பாதியில் வர வேண்டும் என்று நினைத்து அட்டையைக் கீழே நகர்த்தி வைக்கிறார். கீழ்ப்பாதி வெறுமையாக வருகிறது. ‘அட்டையைத் திருப்பி வைக்கவும்’ என்ற வரி அவரைக் காப்பாற்றாது. திருப்புவதை அவர் சரியாகத்தான் செய்தார். முதல் பக்கம் எடுத்து முடிந்ததும், எடுத்த படத்தைத் திரையின் மேல்பாதியில் காட்டி, கீழ்ப்பாதியைக் காலியாக வைத்து, அட்டை அதே மூலையில் புரளும் அசைவுப் படத்தைப் பக்கத்தில் காட்டினால் குழப்பம் பெரும்பாலும் நின்றுவிடும். அவர் மனத்தில் இருக்கும் தாளும் இயந்திரத்தின் மனக்கணக்கும் ஒரே திரையில் சேர்ந்துவிடுகின்றன.

இதைப் போன்றதே தாளின் முகம். கண்ணாடியில் எழுத்து கீழ்நோக்கியும், பெரும்பாலான ஊட்டிகளில் மேல்நோக்கியும் இருக்க வேண்டும். ஒரே மனிதர், ஒரே தாள், ஒரு சாண் இடைவெளியில் இரண்டு எதிரெதிர் விதிகள். அதற்கான குறி, தாளை வைக்கும் இடத்திலேயே பள்ளமாகப் பதிக்கப்பட்டிருக்க வேண்டும். கை போகும் இடத்தில் இருக்கும் குறியைத்தான் கண் பார்க்கிறது. முந்தையவர் விட்டுச்சென்ற அமைப்பும் ஓயாத தொல்லை. ஐம்பது பிரதி என்று வைத்துவிட்டு ஒருவர் போக, அடுத்து வந்தவர் பொத்தானை அழுத்திவிடுகிறார். சிறிது நேரம் யாரும் தொடாவிட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும் ஏற்பாடு எல்லா இயந்திரங்களிலும் உண்டு. அந்த நேரத்தைக் குறைத்தால், அடுத்த பக்கத்தைத் தேடிக்கொண்டிருப்பவரின் வேலை அழிகிறது. கூட்டினால் பின்னால் நிற்பவர் மாட்டிக்கொள்கிறார். பிரதி எண்ணிக்கையைத் தொலைவிலிருந்தே தெரியும் அளவுக்குப் பெரிதாகக் காட்டுவது இந்த இழுபறியை ஓரளவு தணிக்கிறது.

பேப்பர் ஜாம் தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஈரம் ஏறிய தாள், ஓரம் சுருண்ட தாள், தேய்ந்த ரப்பர் உருளை என்று காரணங்கள் பல. எந்த இயந்திரத்திலும் அது முழுக்க ஒழியாது. ஒரு தாள் உரிய நேரத்தில் உணரியைக் கடக்காவிட்டால் பாதையில் உள்ள எல்லாத் தாள்களும் அங்கங்கே நின்றுவிடும். ஆக, சிக்கியது ஒன்று, எடுக்க வேண்டியவை மூன்று நான்கு. பயனர் முதல் தாளை எடுத்துக் கதவைச் சாத்துகிறார். இயந்திரம் மறுபடி திறக்கச் சொல்கிறது. தான் எடுத்தது கணக்கில் சேரவில்லை என்று அவர் நினைக்கிறார். மொத்தம் எத்தனை இடத்தில் தாள் இருக்கிறது, அவற்றில் எது முடிந்தது என்பதைத் தொடக்கத்திலேயே காட்டி, ஒவ்வொன்றும் நீங்கியவுடன் கண்ணெதிரே அழித்துக்காட்டும் திரை வேண்டும். இயந்திரத்துக்கு இது ஏற்கெனவே தெரியும். சொல்லாமல் இருந்ததுதான் குறை.

கதவைத் திறந்ததும் வேறொரு தடை எதிர்ப்படுகிறது: பயம். உள்ளே சங்கிலி, பற்சக்கரம், கம்பி, டோனரை உருக்கி ஒட்டவைக்கும் சூடான உருளைகள். எதைத் தொட்டால் கெடும், எதைத் தொட்டால் சுடும் என்று தெரியாது. இதற்குத் தொழில் கண்ட நல்ல விடை, பயனர் தொடலாம் என்கிற கைப்பிடிகளையும் திருகுகளையும் மட்டும் பச்சை, நீலம் போன்ற ஒரே நிறத்தில் அமைத்து, மற்றவற்றைக் கறுப்பாகவோ உலோக நிறத்திலோ விட்டுவிடுவது. கேனான் நிறுவனம் 1982-ல் பிசி-10, பிசி-20 என்ற சிறு இயந்திரங்களில், டிரம்மையும் டோனரையும் ஒரே கார்ட்ரிட்ஜாக்கிப் பயனர் கையாலேயே மாற்றும்படி செய்ததும் இதே வழியில் இன்னொரு படி. எந்தப் பாகம் யாருடைய கைக்கு உரியது என்ற கோட்டையே அது நகர்த்திப் போட்டது.

ஜாம் நீங்கிய பிறகு வேலை எந்த இடத்திலிருந்து தொடரும் என்பதையும் யாராவது யோசித்திருக்க வேண்டும். நாற்பது பக்க மூலம் ஊட்டியில் போய்க்கொண்டிருக்கும்போது பதினேழாவதில் நின்றால், எத்தனை தாள்களைத் திரும்ப வைப்பது? எண்ணிப் பிரிக்கச் சொல்வது கொடுமை. எல்லாவற்றையும் மறுபடி வைக்கச் சொல்லி, முதல் பதினாறை அச்சிடாமல் ஓட்டிவிட்டு அடுத்ததிலிருந்து தொடரும் இயந்திரங்கள் அந்தச் சுமையைத் தாங்களே ஏற்கின்றன. எண்ணுவது இயந்திரத்துக்கு எளிது.

டெக்னீஷியன்களை ஆராய்ந்தவர் ஜூலியன் ஓர். அவரும் பார்க்கில் இருந்த மானுடவியலாளர். முன்பு டெக்னீஷியனாகவும் வேலை செய்தவர். அவருடைய ‘டாக்கிங் அபௌட் மெஷின்ஸ்’ 1996-ல் வெளிவந்தது. பழுது நீக்கும் கையேடு சொல்லும் வழி முடிந்துபோகும் இடத்தில், டெக்னீஷியன்கள் சாப்பாட்டு மேசையில் பரிமாறிக்கொள்ளும் கதைகள்தான் கைகொடுக்கின்றன என்று அவர் கண்டார். அவர்கள் இயந்திரத்தை மட்டும் சரிசெய்வதில்லை; அந்த அலுவலகத்தார் அதை நடத்தும் விதத்தையும் சேர்த்தே சரிசெய்கிறார்கள். டெக்னீஷியன்களின் இத்தகைய குறிப்புகளைத் திரட்டிப் பகிர யுரேகா என்ற அமைப்பைப் பின்னர் ஜெராக்ஸ் உருவாக்கியது. வடிவமைப்புக் குழுவில் ஒரு மூத்த டெக்னீஷியன் உட்கார்ந்திருப்பது எத்தனையோ ஆய்வறிக்கைகளைவிடப் பயன் தரும்.

1990-களில் இயந்திரங்கள் டிஜிட்டலாகி வலையமைப்பில் சேர்ந்தபோது நகல் பின்னுக்குப் போய் ஸ்கேன் முன்னுக்கு வந்தது. நகலில் தவறு நடந்தால் தாளைப் பார்த்தவுடன் தெரியும். ஸ்கேனில் விளைவு வேறோர் அறையில், வேறொரு கணினியில் போய்ச் சேர்கிறது. போனதா, யாருக்குப் போனது, எப்படிப் போனது என்பது இயந்திரத்தின் முன் நிற்பவருக்குத் தெரியாது. தன் மேசைக்கு நடந்து, திறந்து பார்த்து, கோணல் என்று கண்டு திரும்பி வருகிறார். அனுப்புவதற்கு முன் பக்கங்களைத் திரையில் காட்டுவதும், அட்டையைத் தொட்டு உள்நுழைந்தவரின் சொந்த மின்னஞ்சலையே பட்டியலில் முதலாவதாக வைப்பதும் இந்த நடையைக் குறைத்தன. கோப்புக்குத் தேதியும் எண்ணும் கலந்த பெயரைத் தானாக வைக்கும் வழக்கம் இன்னும் பல இயந்திரங்களில் தொடர்கிறது. பெயர் கேட்கும் பெட்டியைச் சிறு விசைப்பலகையோடு முதலிலேயே காட்டினால் யாரும் நிரப்புவதில்லை. தாள்கள் ஓடிக்கொண்டிருக்கும் சில நொடிகளில் கேட்டால் பலர் நிரப்புகிறார்கள்.

தரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இன்னும் கடினம். ஒரு ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் எடுத்தால் 2480-க்கு 3508 புள்ளிகள். சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 26 மெகாபைட். அதை மின்னஞ்சலில் அனுப்புவது பெரும்பாலும் இயலாது. எனவே சுருக்கியாக வேண்டும், எப்படிச் சுருக்குவது என்பதை யாராவது முடிவுசெய்ய வேண்டும். பயனர் எண்களைப் பார்த்து முடிவெடுக்க மாட்டார். ‘எழுத்து’, ‘படம்’, ‘இரண்டும்’ என்று கேட்டால் விடை சொல்வார். இது சரியான வழிதான். ஆனால் அந்தச் சொற்களுக்குப் பின்னால் இயந்திரம் செய்வது பாதுகாப்பானதாக இருக்க வேண்டும்.

2013 ஆகஸ்டில் ஜெர்மானியக் கணினி அறிவியலாளர் டேவிட் கிரீசெல் வெளிப்படுத்திய செய்தி இதற்குக் கடுமையான சான்று. ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் ஒர்க்சென்டர் இயந்திரத்தில் ஸ்கேன் செய்தபோது, 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் கொண்ட மூன்று அறைகளுக்கும் 14.13 என்றே வந்திருந்தது. ஜேபிக்-2 என்ற சுருக்கும் முறை, ஒன்றுபோல் தோன்றும் எழுத்துத் துண்டுகளில் ஒன்றை மட்டும் சேமித்து மற்ற இடங்களிலும் அதையே ஒட்டிவிடும். சிறிய எழுத்தில் 6-உம் 8-உம் அதற்கு ஒன்றாகிவிட்டன. மங்கலோ சிதைவோ எதுவும் இல்லை. தவறான எண் தெளிவாக, நேர்த்தியாக அச்சாகியிருந்தது. எழுத்து மாறக்கூடும் என்ற எச்சரிக்கை ‘நார்மல்’ என்ற தர அமைப்பின் பக்கத்தில் இருந்தது உண்மைதான். அது இருந்த இடமோ நிர்வாகி திறக்கும் அமைப்புப் பக்கம். பிறகு உயர்ந்த தர அமைப்புகளிலும் மென்பொருள் பிழையால் இதே மாற்றம் நேர்வது உறுதியாகி, நிறுவனம் திருத்தங்களை வெளியிட்டது. மருந்தளவும் கணக்கும் கட்டட அளவும் போகும் பாதையில் எண்ணை மாற்றக்கூடிய ஓர் அமைப்புக்கு, இயல்பானது என்று பொருள்படும் பெயரை வைத்ததை எந்த வகையிலும் ஏற்க முடியாது. ஆபத்தை அறியாமல் தேர்ந்தெடுக்கக்கூடிய தேர்வை மெனுவில் வைக்கவே கூடாது.

சோதனை செய்யும் முறையிலும் இந்தக் கருவிக்கென்று சில தேவைகள் உண்டு. கணினித் திரையில் உட்கார்ந்தபடி மெனுவைச் சோதித்தால் எல்லாம் நன்றாகவே தோன்றும். நின்றபடி, ஒரு கையில் தாள்களோடு, மேலிருந்து விளக்கொளி திரையில் பட்டுக் கூசும்போதுதான் உண்மை வெளிப்படும். எனவே தொடக்க மாதிரிகளை அட்டையில் வரைந்து, உரிய உயரத்தில், பழைய இயந்திரத்தின் மேலேயே ஒட்டிவைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். கொடுக்கும் பணியில் மெனுவின் சொல் கலந்துவிடக் கூடாது. இருபக்க நகலுக்கு மெனுவில் உள்ள சொல்லையே வைத்து ‘டூப்ளெக்ஸ் எடுங்கள்’ என்றால் அவர் அந்தச் சொல்லைத் தேடுவார். பைண்டு செய்த ஒரு அறிக்கையைக் கொடுத்து, ‘கூட்டத்துக்கு ஆறு பேருக்கு இது வேண்டும், தாள் வீணாகக் கூடாது’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆனது என்பதைவிட, எந்த இடத்தில் கை நின்றது என்பதே அதிகம் கற்றுத்தரும்.

உறங்கும் நிலையும் சோதனையில் அடிக்கடி விடுபடும். திரை இருண்டு கிடந்தால் மின்சாரம் இல்லை என்று நினைத்து முதன்மை ஸ்விட்சை அணைத்துப் போடுகிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. தாளை ஊட்டியில் வைத்ததும் தானே விழித்தெழுவது அவர்களுக்குப் போதும்.

மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்துவதற்கான விதிகள் அமெரிக்காவில் சட்டமாகவே இருக்கின்றன. மறுவாழ்வுச் சட்டத்தின் 508-ஆம் பிரிவின்கீழ் 2001-ல் நடைமுறைக்கு வந்த தரங்களின்படி, அரசு வாங்கும் கருவியின் இயக்குபாகங்கள் ஒரு கையால் இயக்கக்கூடியவையாக, இறுகப் பற்றவோ முறுக்கவோ தேவையில்லாதவையாக, 5 பவுண்டு விசைக்கு மேல் கேட்காதவையாக இருக்க வேண்டும். சாயும் பேனலும் மெதுவாக இறங்கும் மூடியும் பரவ இது உதவியது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், இடுப்பில் கோப்புகளை அணைத்து நிற்பவருக்கும் அவை ஒருங்கே பயன்பட்டன. தொடுதிரை எண்பொத்தான்களை விழுங்கியது மட்டும் பின்னடைவு. விரலால் தடவி 5-இன் மேடு கண்டு இயக்கிய பார்வையற்றவருக்கு வழுவழுப்பான கண்ணாடி எதையும் சொல்வதில்லை. குரல் வழிகாட்டலைக் கூடுதல் விலைக்கு விற்பதை விட்டு, இயந்திரத்தோடு சேர்த்தே தர வேண்டும்.

வாடகைக் காலம் முடிந்து இயந்திரம் வெளியேறுவதும் வடிவமைக்க வேண்டிய ஒரு கட்டமே. நகலெடுத்த பக்கங்களின் படங்கள் வன்தட்டில் தங்குகின்றன என்பது அதைப் பயன்படுத்துபவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. 2010-ல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி பழைய இயந்திரங்கள் சிலவற்றை வாங்கிப் பார்த்தபோது, காவல்துறை ஆவணங்களும் மருத்துவப் பதிவுகளும் அவற்றில் இருந்தன. அவற்றில் ஒன்றை முன்பு வாடகைக்கு வைத்திருந்த அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு அமைப்பு, 2013-ல் 12,15,780 டாலர் செலுத்தி அரசுடன் தீர்வு காண நேர்ந்தது. இப்போது வேலை முடிந்தவுடன் மேலெழுதி அழிப்பதும், தட்டில் உள்ளதை மறையாக்கம் செய்வதும் பொதுவாகக் கிடைக்கும் வசதிகள். அவை நிர்வாகியின் மெனுவில் பல அடுக்குகளுக்குள் இருப்பதுதான் மீதமுள்ள குறை. இயந்திரத்தைத் திரும்ப அனுப்பும் நாளில் அதன் பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் லாரிக்காகக் காத்திருக்கும் அலுவலக உதவியாளர். நிர்வாகிக் கடவுச்சொல் அவரிடம் இருக்காது. அழிக்கப்பட்டதா இல்லையா என்பதை அவர் பார்த்தறியும்படி திரையில் ஒரு வரியும், கையெழுத்து வாங்கத் தக்க ஓர் அச்சுத்தாளும் கிடைக்க ஏற்பாடு இருக்க வேண்டும்.